உங்களுக்குத் தெரியுமா? கோழிக்கொட்டகைக் காற்றின் கணக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கரிசல் காடு பார்க்கலாம், சீமைக்கருவேலம் பார்க்கலாம், அறுத்துப்போட்ட மக்காச்சோளத் தட்டை பார்க்கலாம். நடுநடுவே நீளமாய், தாழ்ந்த கூரையோடு ஒரு கொட்டகை வரும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அது வந்தது தெரிந்துவிடும். இந்த வாரத் துணுக்குகள் அந்த வாசனையைப் பற்றி. வாசனை என்று எழுதுவது ஒரு மரியாதைக்காக.

✦ கோழிக்கு மூத்திரப்பை கிடையாது. எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளையாக ஒரு தொப்பி இருக்குமே, அதுதான் அதன் சிறுநீர். தண்ணீராக வெளியே விடாமல் யூரிக் அமிலமாக, பசை மாதிரி கழிக்கிறது. தண்ணீர்ச் செலவு மிச்சம். வானம் பார்த்த பூமிக்குப் பொருத்தமான உடம்பு. நமக்குக் கால் பெருவிரலில் சேர்ந்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் யூரிக் அமிலமும் இதே சரக்குதான். புதிதாய் விழுந்த எச்சம் அவ்வளவாக நாறாது. ஈரம் பட்டு, நுண்ணுயிர்கள் அதை உடைத்து அமோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கு சுருங்கும்.

✦ அந்த உடைக்கும் வேலையின் கடைசிப் படியைச் செய்வது யூரியேஸ் என்ற நொதி. உலகத்தில் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியும் அதுதான். ஆண்டு 1926. எடுத்தவர் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர். எதிலிருந்து தெரியுமா? நம்மூர்த் தம்பட்டை அவரைக்கு உறவுக்காரியான ஜாக் பீன் என்ற அவரையிலிருந்து. 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது.

✦ பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர், சூடான பாத்திரத்தில் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பார். குப்பென்று புகை வரும், கண் எரியும். அந்தப் பொடி நவச்சாரம். அமோனியா என்ற பெயரே நவச்சாரத்திலிருந்து வந்ததுதான். எகிப்தில் அம்மோன் சாமியின் கோயில் பக்கம் கிடைத்த உப்பு என்று ஐரோப்பியர் அதற்குப் பெயர் வைத்தார்கள். நவச்சாரத்தோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் அமோனியா வாயு கிளம்பும் என்று பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்துகாட்டுவார்கள்.

இந்தப் பள்ளிப் பாடம் பண்ணைக்குள் மறந்துபோகிறது. கொட்டகைத் தரையில் கிடக்கும் எரு ஈரமாகிவிட்டால் சுண்ணாம்புப் பொடி தூவிக் கிளறிவிடுவது பழைய கைப்பழக்கம். பந்தல்குடிப் பக்கம் பூமியைத் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வருகிற வட்டாரத்தில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? தூவினால் ஈரம் இழுக்கும், கிருமி சாகும், அதெல்லாம் உண்மை. கூடவே எருவின் காரத்தன்மை ஏறும். அதுவரை எருவுக்குள் உப்பாய் அடங்கிக் கிடந்த அமோனியா வாயுவாகிக் கிளம்பும். கோழி இருக்கும்போது தூவினால் அன்றைக்கு ராத்திரி கொட்டகைக்குள் நிற்க முடியாது. பேட்ச் ஏற்றிவிட்டுக் காலியான தரையில் அடிப்பது வேறு கணக்கு.

இதற்கு நேர் எதிரான சரக்கு படிகாரத்தின் சொந்தக்காரரான அலுமினியம் சல்பேட். எருவை அமிலப் பக்கம் தள்ளி, அமோனியாவை உப்பாகவே கட்டிப்போடும். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 1990-களில் ஆராய்ந்து பரவிய முறை. காசு கூட ஆகும். ஆனால் காற்றில் போகவேண்டிய தழைச்சத்து எருவிலேயே நிற்கும்.

✦ ஒரு கைப்பிடி எருவை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் சரி. கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியில் நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, இனிமேல் அமோனியாதான். பிடிக்கவே பிடிக்காமல் தூசியாய்ப் பறந்தால் அதுவும் கெடுதல். இறகுத் துணுக்கும் தோல் செதிலும் தீவனத் தூளும் சேர்ந்து நெஞ்சுக்குள் போகும். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு ஈரம் என்பது நல்ல பதம். இதற்கு மீட்டர் தேவையில்லை. கொழுக்கட்டை பிடித்துப் பழகிய எந்த வீட்டம்மாவும் பண்ணை ஆய்வாளர்தான்.

✦ ஆகவே வறண்ட நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. திருச்சுழி வெயிலில் தென்னைநார்க் கழிவு போட்ட தரை தானாகவே காய்ந்துகொள்ளும். வருஷத்தில் இரண்டு சமயம்தான் தொல்லை. ஒன்று ஐப்பசி, கார்த்திகை: சாரலுக்குப் பயந்து பக்கவாட்டுப் படுதாவை இறக்குவார்கள், உள்ளே காற்று தேங்கும், எரு நனையும். இன்னொன்று, நம்ப மாட்டீர்கள், அக்கினி நட்சத்திரம். கோழி வெக்கையில் சாகாமலிருக்க ஃபாகர் வைத்துப் பனிபோலத் தண்ணீர் தெளிப்பார்கள். கோழியும் நிறையத் தண்ணீர் குடித்துத் தண்ணீராய்க் கழியும். நடு வெயிலில் தரை சதசதவென்று கிடக்கும். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகி, அதை மாற்றாமல் விட்டால் அதன் கீழே உள்ள வட்டம் ஒரு தனி அமோனியாத் தொழிற்சாலை.

✦ 1977-ல் எம்.ஜி.ஆர். சட்டமன்றத்துக்குப் போனது அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து. முதல்வராகி 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் முட்டை சேர்ந்தது 1989-ல், கலைஞர் ஆட்சியில். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று. இன்று பள்ளி நாட்களில் தினம் ஒன்று. நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்கு நாலு கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது என்றால், அதற்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் நம் பள்ளிக்கூடங்கள். நாமக்கல்லில் கூண்டுக்குக் கீழே குவிகிற எச்சத்திலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் செய்யும் ஆலைகூட உண்டு. நம்ம பக்கம் கறிக்கோழி, தரை வளர்ப்பு. தென்னைநாரோ உமியோ கலந்த எரு என்பதால் அது நேராகக் காட்டுக்குத்தான் போகிறது.

✦ கோழிப்பண்ணைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டுமா? 2015-ல் மத்திய வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 லட்சம் கோழிக்குக் கீழே வளர்ப்பவர்களுக்கு வேண்டியதில்லை. விலங்குநல ஆர்வலர் கௌரி மௌலேகி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2020 செப்டம்பரில் தீர்ப்பாயம் அந்த விலக்கு சரியல்ல, மறுபடி பாருங்கள் என்று உத்தரவிட்டது. 2021 ஆகஸ்டில் புது நெறிமுறை வந்தது. 5,000 முதல் 25,000 வரை சிறு பண்ணை, 1 லட்சம் வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் 25,000-க்கு மேல் வளர்த்தால் 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் இசைவாணை வாங்கவேண்டும்.

தூரமும் சொல்லியிருக்கிறார்கள். குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், ஆறு, கண்மாய், குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டர், தேசிய நெடுஞ்சாலையிலிருந்து 100 மீட்டர், கிராமப் பாதையிலிருந்து 10, 15 மீட்டர்.

நம் வட்டாரத்தில் ஒப்பந்த வளர்ப்புக்கு ஐயாயிரம் கோழி என்பது பழகிப்போன எண். கோழிக்கு ஒரு சதுர அடி. இருபதடி அகலம், இருநூற்றைம்பதடி நீளம், ஒரு கொட்டகை. ஒரே வண்டிப்பாதையில் ஐந்து பேர் ஆளுக்கொன்று போட்டால் இருபத்தையாயிரம் கோழி ஆகிவிடும். சட்டத்தின் ஏட்டில் அது ஐந்து சிறு பண்ணை. கிழக்கே இருக்கும் ஊருக்கு அது ஒரே நாற்றம். நெறிமுறை எண்ணுவது கோழியை, காற்றை அளப்பதில்லை. எண்ணுவது சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. பிராய்லரில் முதல் வாரக் குஞ்சும் நாற்பதாம் நாள் கோழியும் எண்ணிக்கையில் ஒன்றுதான், வெளிவிடும் அமோனியாவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

✦ ஐந்நூறு மீட்டர் என்பது நாலு பக்கமும் ஐந்நூறு மீட்டர். காற்று அப்படியா வீசுகிறது? கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று நாலு பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று மணலை அள்ளிப் போடும். அப்போது கொட்டகைக்குக் கிழக்கே இருக்கும் ஊருக்குக் கஷ்டம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவம் தொடங்கினால் தென்மேற்கே இருப்பவர்களின் முறை. எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து எத்தனை வேகத்தில் காற்று என்பதை ஒரு பூ மாதிரி வரைவது வானிலைத் துறையில் வழக்கம். இடம் தேர்வு செய்யும்போது அந்தப் பூவை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 300 மீட்டர் போதும் என்றும், இன்னொரு பக்கம் 800-ம் பற்றாது என்றும் வரலாம்.

“மதினி, உங்க பண்ணை நாத்தத்துல சோறு எறங்க மாட்டேங்குது.”

“அண்ணாச்சி, மேகாத்து உங்க வீட்டுப் பக்கம் திரும்புனா நான் என்ன செய்யட்டும்?”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

✦ கொட்டகையிலிருந்து அமோனியா அதிகம் கிளம்புவது சூடான பகலில். ஊருக்குள் அதிகம் நாறுவது விடியற்காலையில். பகலில் தரை சூடாகிக் காற்று மேலே எழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். ராத்திரி தெளிந்த வானத்தில் கரிசல் மண் வேகமாகக் குளிரும். தரையை ஒட்டிய குளிர்காற்று அப்படியே படுத்துக்கிடக்கும், மேலே மூடி போட்டதுபோல் வெதுவெதுப்பான காற்று. வந்த வாயு மேலே போக வழியில்லாமல் தரையோடு ஊர்ந்து வரும். ஆய்வுக்கு வரும் அதிகாரியோ பதினொரு மணிக்கு ஜீப்பில் வருவார்.

✦ இந்தியாவில் வெளிக்காற்றில் அமோனியாவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2009 நவம்பர் 18 அன்று அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நியமத்தில் உள்ள 12 மாசுகளில் அமோனியாவும் ஒன்று. கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராம், வருடச் சராசரி 100.

அந்த 400 மைக்ரோகிராமைப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக் கணக்கில், அதாவது பிபிஎம்மில் சொன்னால், ஏறக்குறைய 0.6. கொட்டகைக்குள் கோழியின் நலனுக்காகப் பரவலாகச் சொல்லப்படும் எல்லை 25 பிபிஎம். நாற்பது மடங்குக்கு மேல். நம் மூக்குக்கு அமோனியா தட்டுப்படத் தொடங்குவது பெரும்பாலும் 5 பிபிஎம்மைத் தாண்டித்தான். ஆகவே வீட்டு வாசலில் சுள்ளென்று அமோனியாவே நாள் முழுக்க அடித்தால், அந்த நியமம் எப்போதோ மீறப்பட்டுவிட்டது. அமோனியா மணக்காமல் வேறு ஒரு கெட்ட வாடை மட்டும் வந்தால் அது கொழுப்பு அமிலங்களும் கந்தக வாயுக்களும். அவை மிக மிகக் கொஞ்சமாக இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அந்த வாடைக்கு இந்தியாவில் எண்ணால் ஆன சட்ட வரம்பு கிடையாது. மத்திய வாரியம் 2008-ல் துர்நாற்றம் பற்றி வழிகாட்டிப் புத்தகம் ஒன்று போட்டது, அவ்வளவுதான்.

✦ கருவியே இல்லாமல் ஒரு கொட்டகையின் அமோனியாவை மதிப்பிட முடியுமா? முடியும். மளிகைக் கடைக் கணக்குத்தான்: வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, மிச்சம் எங்கே?

ஒரு பிராய்லர் கோழி வளர்ந்து ஏறும்வரை தின்னும் தீவனம் 3.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் புரதம் நூற்றுக்கு 20. புரதத்தை 6.25 ஆல் வகுத்தால் நைட்ரஜன். ஆக உள்ளே போன நைட்ரஜன் சுமார் 115 கிராம். 2.3 கிலோ எடையுள்ள கோழியின் உடம்பில் தங்குவது நூற்றுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 67 கிராம். மீதி 48 கிராம் தரையில். அதில் கால் பங்கு காற்றில் போகிறது என்றால் 12 கிராம் நைட்ரஜன்; அமோனியாவாகச் சொன்னால் கிட்டத்தட்ட 15 கிராம். ஒரு கோழிக்கு 15 கிராம் என்றால் அற்பம். ஐயாயிரம் கோழிக்கு ஒரு பேட்சில் 75 கிலோ. வருஷத்துக்கு ஐந்து பேட்ச் என்றால் 375 கிலோ.

அந்தக் “கால் பங்கு” இருக்கிறதே, அதில்தான் எல்லாச் சூட்சுமமும். தரை காய்ந்திருந்தால் அது பத்தில் ஒன்றாகலாம், சதசதத்தால் பாதியாகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் வெளியிட்ட சிறந்த தொழில்நுட்ப ஆவணம் கறிக்கோழி ஒன்று வளரும் ஓர் இடத்துக்கு, வருஷத்துக்கு 0.01 முதல் 0.08 கிலோ அமோனியா வரை அனுமதிக்கிறது. நம் ஐயாயிரம் கோழிக் கொட்டகைக்கு அதைப் பெருக்கினால் 50 முதல் 400 கிலோ. மேலே போட்ட நம் கணக்கு மேல்விளிம்பில் நிற்கிறது. கீழ்விளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். எண்ணிக்கையைக் கேட்கும் சட்டத்துக்கு இந்த எட்டு மடங்கு தெரியாது; அங்கே ஐயாயிரம் என்றால் ஐயாயிரம்தான்.

✦ அந்த நைட்ரஜன் எந்த ஊருடையது? தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அது நம் மானாவாரிக் காட்டிலிருந்தும் போகிறது. 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்தபோது விருதுநகர் மாவட்டச் சம்சாரிகள் பட்ட பாடு நினைவிருக்கும். ஆனால் மக்காச்சோளத்தில் புரதம் குறைவு. புரதத்தின் பெரும்பங்கு சோயாப் புண்ணாக்கு. சோயாவின் பெரும்பகுதி விளைவது மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும். மாளவத்துச் செடி காற்றிலிருந்து வேருக்குள் பிடித்த நைட்ரஜன், ரயிலேறி வந்து, திருச்சுழிக் காற்றில் கலக்கிறது. தீவனப் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்து, அதற்கு ஈடாகத் தேவையான அமினோ அமிலங்களைக் கலந்தால் கழியும் நைட்ரஜன் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது தீவனக்காரர்களின் வாய்பாடு. ஒப்பந்த வளர்ப்பில் கலவை முடிவு பண்ணுவது தீவனம் தரும் கம்பெனி. பண்ணைக்காரருக்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டும் உரிமை மட்டும்.

✦ ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்டு பில்லும் வேலையும் வளர்ப்பவருடையது. கோழியை ஏற்றிக்கொண்டு லாரி போன பிறகு மிஞ்சும் எரு அவருடையது. நாற்றம் யாருடையது என்று எந்தப் பத்திரத்திலும் பார்த்ததில்லை. ஊர்க்காரர்கள் வந்து நிற்பது வளர்ப்பவர் வீட்டு வாசலில்.

✦ இரண்டு பக்கம் ஈ மொய்த்த வலைக் கம்பி, ஓரடிச் சுவர், மேலே ஓடோ சிமென்ட் தகடோ. இப்படித் திறந்த கொட்டகையில் வெளியேறும் காற்றை எங்கே வைத்து அளப்பது? மின்விசிறி வைத்த மூடிய கொட்டகை என்றால் விசிறி வாயில் வாயுவின் அடர்த்தியையும் காற்றின் அளவையும் பெருக்கினால் முடிந்தது. திறந்த கொட்டகைக்கு ஒரு குயுக்தி வைத்திருக்கிறார்கள். கோழியையே மீட்டராக்குவது. இத்தனை எடையுள்ள கோழி மணிக்கு இவ்வளவு கரியமில வாயு விடும் என்று தெரியும். உள்ளேயும் வெளியேயும் கரியமில வாயுவை அளந்து வித்தியாசம் பார்த்தால், எவ்வளவு காற்று மாறுகிறது என்பது வந்துவிடும். அதை வைத்து அமோனியாவைப் போட்டுவிடலாம்.

✦ பேரம் பேசுவதில் அமெரிக்கர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 2005-ல் அங்குள்ள சுற்றுச்சூழல் முகமை பண்ணைகளுடன் ஓர் உடன்படிக்கை செய்தது: பண்ணைகள் ஒரு சிறு அபராதம் கட்டும், ஆய்வுச் செலவுக்குப் பணம் தரும்; பதிலுக்குக் கணக்கு முடிவாகும்வரை காற்றுச் சட்டத்தின் கீழ் வழக்கில்லை. கோழி, பன்றி, பால்மாடு என்று சுமார் 14,000 பண்ணைகள் இதில் அடங்கின. 2007-லிருந்து 2010 வரை அளந்தார்கள். உமிழ்வைக் கணிக்கும் வரைவு மாதிரிகள் திருத்தப்பட்டு வெளிவரத் தொடங்கியது 2020-ல். சில வருஷ வேலைக்குப் பதினைந்து வருஷம். அந்நாட்டில் நாளொன்றுக்கு 100 பவுண்டு, அதாவது 45 கிலோ, அமோனியா விட்டால் அரசுக்குச் சொல்லவேண்டும் என்ற விதியிலிருந்தும் பண்ணைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். நம் ஐயாயிரம் கோழிக் கொட்டகை விடுவது நாளுக்குச் சராசரி ஒரு கிலோ.

✦ வானத்திலிருந்து பார்த்தால் தெரியுமா? தெரியும். மெட்டாப் செயற்கைக்கோளில் உள்ள ஐயாசி என்ற கருவி அமோனியாவைப் படம் பிடிக்கும். 2018-ல் அதன் பத்தாண்டுத் தரவுகளை வைத்து உலகம் முழுக்க 200-க்கும் மேற்பட்ட அமோனியாக் குவிமையங்களைக் கண்டுபிடித்தார்கள். 83 மையங்கள் தீவிரக் கால்நடை வளர்ப்பைச் சேர்ந்தவை, பெரும்பாலான மற்றவை உர ஆலைகளும் பிற ஆலைகளும். கங்கைச் சமவெளி அந்தப் படத்தில் சிவப்பாக எரிகிறது. அமோனியா அமோனியாவாகவே நின்றுவிடாது. புகையிலிருந்து வரும் கந்தக, நைட்ரிக் அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகும். டெல்லி மக்கள் பேசும் பிஎம் 2.5-ல் அதற்கும் பங்கு உண்டு.

✦ நாற்றத்தை மூக்கால்தான் அளக்கிறார்கள், இன்றைக்கும். ஐரோப்பியத் தரநிலையின்படி, பையில் பிடித்து வந்த காற்றைச் சுத்தக் காற்றோடு கலந்து கலந்து, தேர்ந்தெடுத்த நாலைந்து பேர் முகர்ந்து பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு மட்டும் மணக்கும் அளவுக்கு வர 500 மடங்கு கலக்கவேண்டியிருந்தால் அந்தக் காற்று 500 நாற்ற அலகு. முகர்பவரைத் தேர்வு செய்யும்போது, மூக்கு மந்தமானவரை மட்டுமல்ல, மோப்பம் மிகுந்தவரையும் கழித்துவிடுவார்கள்.

ஜெர்மனியில் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். பயிற்சி பெற்ற ஆள் குறித்த இடத்தில் பத்து நிமிஷம் நின்று, பத்து வினாடிக்கு ஒருதரம் நாறுகிறதா இல்லையா என்று குறிக்கிறார். அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நாறினால் அது ஒரு நாற்ற மணி. வருஷத்தின் மொத்த மணிகளில் குடியிருப்புப் பகுதிக்கு நூற்றுக்குப் பத்து வரை பொறுக்கலாம், அதற்கு மேல் கூடாது. அங்கே கோழியையும் எண்ணவில்லை, வாயுவையும் அளக்கவில்லை. மனிதர் படும் நேரத்தை எண்ணுகிறார்கள். நம்மூரில் இதற்கு ஆகும் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், நாறியதா. ஆடி முழுக்க நாலு வீட்டுக்காரர்கள் எழுதி வைத்தால், மனு நீதி நாளில் “சார், எப்பவுமே நாறுது” என்று சொல்வதைவிட அந்த நோட்டு கனமாயிருக்கும். பண்ணைக்காரருக்கும் அதில் நன்மை உண்டு. எப்பவுமே இல்லை, எந்தெந்த விடியலில் என்பது தெரிந்துவிடும்.

✦ 1610-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை ஒட்டிப் பன்றிக்கொட்டில் கட்டியதற்காக வழக்குப் போட்டார். பன்றி நாற்றம் தாங்காத அளவுக்கு மென்மையான மூக்கு ஒருவருக்கு இருக்கக்கூடாது என்ற தோரணையில் எதிர்த்தரப்பு வாதாடியது. ஜெயித்தது ஆல்ட்ரெட். தனியார் தொல்லைச் சட்டத்தின் பூர்வீகங்களில் ஒன்று அந்தப் பன்றிக்கொட்டில்.

✦ காற்றைக் கெடுத்து மக்கள் உடல்நலத்துக்குத் தீங்கு செய்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 278-ம் பிரிவின்படி அபராதம் 500 ரூபாய் வரை இருந்தது. எழுதியது 1860-ல். அன்றைக்கு அது ஒரு சின்னச் சொத்து. நூற்றறுபது வருஷம் கழித்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ம் பிரிவில் அது 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இதைவிடப் பலன் தரும் கதவு வேறு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. உடல்நலத்துக்கோ சௌகரியத்துக்கோ கெடுதலான தொழிலை நிறுத்தவோ, முறைப்படுத்தவோ, இடம் மாற்றவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். அருப்புக்கோட்டையில் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகமே இருக்கிறது.

✦ ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துக் கீதாரிகள் கிடை போடுவது தெரியுமல்லவா? ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான ஆடு ஒரு காட்டில் படுத்துக் கழிக்கும்; மறுநாள் அடுத்த காடு. அங்கேயும் அமோனியா கிளம்பும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி சேராது. கோழி எருவை நாம் கொண்டுபோய்க் காட்டோரம் குவித்துப் போட்டு, மழை வரட்டும் என்று காத்திருப்போம். கரிசல் மண் சுண்ணாம்பு மிகுந்தது, காரத்தன்மை கொண்டது, பிஎச் எட்டையொட்டி இருக்கும். மேலே பரப்பிவிட்டுச் சும்மா விட்டால் ஆடிக்காற்று பாதிச் சத்தைக் கொண்டுபோய்விடும். அன்றைக்கே உழுது மூடினால் அதே கரிசலின் களி அமோனியத்தை நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய எரு காற்றில் போனால் பக்கத்து ஊருக்கு நாற்றம், நமக்கு யூரியாச் செலவு.

✦ அமெரிக்காவின் டெலவேரில் விசிறி முனைகளுக்கு எதிரே மரவேலி நட்டுப் பார்த்து, தூசியும் அமோனியாவும் குறைவதைக் கண்டார்கள். இலைகள் தூசியை வடிக்கும், காற்றை மேலே தூக்கிவிடும். நமக்கு வேம்பும் புங்கையும் போதும். கொட்டகையை ஒட்டி நடக்கூடாது. திறந்த கொட்டகைக்குப் பக்கக் காற்றுதான் மூச்சு. சீமைக்கருவேலத்துக்கு யாரும் நடவு வேலை சொல்லவேண்டியதில்லை, அது ஏற்கெனவே வந்து நிற்கிறது.

✦ அமோனியா கோழியின் மூச்சுக்குழாயில் உள்ள நுண்மயிர்களை மரத்துப்போகச் செய்கிறது. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் துடைப்பம் அது. துடைப்பம் நின்றால் சளி, கண்ணெரிச்சல், தீவனம் எடுப்பது குறைவு, எடை குறைவு. வளர்ப்புக் கூலி எடையையும் தீவனச் செலவையும் பார்த்துத்தான் போடப்படுகிறது. ஊரார் மூக்கில் ஏறுவதற்கு முன்னால் அந்த வாயு பண்ணைக்காரரின் கூலியில் கை வைத்துவிடுகிறது.

✦ பண்ணைக்காரருக்கு ஏன் அது தெரிவதில்லை? இரண்டு காரணம். நாள்தோறும் அதே காற்றில் இருந்தால் மூக்கு பழகி, சொல்வதை நிறுத்திவிடும். இரண்டாவது, அவர் நின்றுகொண்டு முகர்கிறார். கோழியின் மூக்கு இருப்பது தரையிலிருந்து ஒரு சாணில். ஆகவே கால்நடை மருத்துவர்கள் சொல்லும் உபாயம்: விடியற்காலை, படுதாவைத் தூக்குவதற்கு முன், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி யாரையாவது உள்ளே கூட்டிப்போய்க் கோழிக்கு நடுவில் குந்தி உட்காரச் சொல்லுங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு எத்தனை வினாடியில் எழுந்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.